வினாடிக்கு அறுபது

‘இக்கோப்பின் வடிவம் ஆதரிக்கபடவில்லை’ என்று தொலைக்காட்சித் திரை அறிவித்தது. நடுவில் ஒரு ‘ப்’ விடுபட்டிருந்தது. மருமகளின் கண் முதலில் அந்த விடுபட்ட ஒற்றின்மேல் போய் நின்றது. மாமியாரின் முகத்துக்கு அதன் பிறகுதான் வந்தது. பள்ளிப் பாடநூல்கள் வெளியிடும் நிறுவனம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துவது அவள் வேலை. மாலையில் அவள் வீடு திரும்பினாலும் அவள் கண் அலுவலகத்திலேயே தங்கிவிடுகிறது என்று கணவன் சொல்வதுண்டு. அது தவறென்று நிறுவ அவளுக்கு இன்னும் சான்று கிடைக்கவில்லை.

மாமியார் நாற்காலியைத் திரைக்கு மிக அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிப் பார்த்தார். குறை கண்ணாடியில் இல்லை என்று உறுதியானதும் மகனை நோக்கித் திரும்பினார். மகன் பழைய பிளேயர் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, லிஃப்ட் பழுதுபார்ப்பவனுக்கே உரிய நம்பிக்கையோடு அதன் அடிப்புறத்தைத் தட்டிக்கொண்டிருந்தான்.

“தட்டினா சரியாயிடுமா?” என்றாள் மனைவி.

“லிஃப்ட்டுக்கு ஆகும்.”

பெட்டிக்கு ஆகவில்லை.

திரையில் வந்திருக்க வேண்டியவர் பெரியம்மா, மாமியாரின் அக்கா. கடல் கடந்த ஊரில் தம் பிள்ளைகளோடு இருக்கிறார். அக்காவுக்கும் தங்கைக்கும் பிறவியிலிருந்தே காது கேளாது. இருவரும் கைகளால் பேசுவார்கள். அந்தப் பேச்சின் பெரும்பகுதி பள்ளியில் கற்றது. மீதி, சிறுமிகளாக இருந்தபோது வீட்டாருக்குப் புரியக்கூடாது என்பதற்காகத் தாங்களே செய்துகொண்டது. ஆகவே அந்த மொழியில் உலகத்திலேயே இரண்டு பேருக்கு மட்டும் விளங்கும் சொற்கள் ஏராளம். மகனுக்கு அது தாய்மொழி, அச்சொல்லின் நேர்ப்பொருளில். ஆனால் அவனுக்குமே சில இடங்களில் தலையைச் சொறியத்தான் தெரியும்.

முன்பெல்லாம் கைபேசியில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். கண்ணில் அறுவை முடிந்தும் மாமியாருக்குப் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. கைபேசியின் சிறு சட்டத்துக்குள் அக்காவின் விரல்கள் எறும்புகள் சண்டையிடுவதுபோல் இருந்தன. கைபேசியிலிருந்து நேராகத் தொலைக்காட்சிக்கு அனுப்பினால் படம் வழியில் எங்கோ நின்று நின்று வந்தது. எனவே ஓர் ஏற்பாடு உண்டானது. பெரியம்மா தாம் பேசுவதைப் பதிவுசெய்வார்; அவர் மகன் அதை இணையத்தில் ஏற்றுவான்; இங்கே இவன் இறக்கிப் பென்டிரைவில் போட்டுப் பெட்டியில் செருகுவான்; பெரிய திரையில் அக்கா ஆளுயரத்துக்கு வந்து நிற்பார். பார்த்து முடித்தபின் தங்கையின் பதில் அதே வழியில் திரும்பிப் போகும். கடிதப் போக்குவரத்தின் வேகம்தான். ஆனால் கடிதத்தில் முகம் இராது.

அண்மையில் பெரியம்மாவின் மகன் தாயின்மேல் அன்பு மிகுந்து உயர்ந்த ரகக் கேமரா ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டான். படம் அவ்வளவு துல்லியமாம். அந்தத் துல்லியம் இந்தப் பெட்டிக்குப் புரியவில்லை. அன்பினால் விளையும் இடையூறுகளுக்கு யாரையும் நோவதற்கில்லை.

கணவன் கோப்பைக் கணினியில் போட்டுச் சுருக்கினான். மறுநாள் மாலை அது ஓடியது. மாமியார் சிறிது நேரம் பார்த்தார், முன்னால் சாய்ந்தார், பின்னால் சாய்ந்தார். பிறகு எழுந்து, மகனிடம் கைகளால் ஏதோ நீளமாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார்.

“என்ன சொன்னாங்க?”

“நல்லா இருக்காம்.”

“அவ்ளோ நேரம் பேசினாங்களே. மொத்தத்துக்கும் ‘நல்லா இருக்காம்’ தானா?”

“சுருக்கம்.”

“எங்க ஆபீஸ்ல இப்படிச் சுருக்கினா சீட்டைக் கிழிச்சிடுவாங்க.”

“அதனாலதான் நான் அங்க வேலைக்கு வரல.” சற்றுப் பொறுத்து, பென்டிரைவைக் கையில் புரட்டிக்கொண்டே சொன்னான்: “அக்கா குடிச்சிட்டுப் பேசற மாதிரி இருக்குன்னாங்க. பாதி வார்த்தைய முழுங்கிடறாளாம். அப்புறம் கேட்டாங்க, அவளுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னு.”

சுருக்கிய கோப்பை அவள் தனியாக ஒருமுறை போட்டுப் பார்த்தாள். அறை தெரிந்தது, சுவர் தெரிந்தது, பெரியம்மாவின் முகமும் தெரிந்தது. கை அசையாதவரை விரல்களும் தெரிந்தன. அசைந்தவுடன் அவை ஈரத்தில் பட்ட மைபோல் பரவி, அடுத்த இடத்தில் மறுபடி விரல்களாயின. எங்கிருந்து எங்கே போயின என்பது மட்டும் தெரியவில்லை. அந்தப் போக்கில்தான் பேச்சு இருக்கிறது என்பதை அவள் ஊகித்தாள். பாடநூல் ஒன்றில் உயிரெழுத்துகள் இருந்து மெய்யெழுத்துகள் மட்டும் உதிர்ந்துவிட்டால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தாள்.

மாமியார் பதில் அனுப்புவதை நிறுத்தினார். கேட்டால் வேலை இருக்கிறது என்று கையை அசைத்தார். வேலை செய்யவும் செய்தார். கழுவிய பாத்திரத்தையே கழுவினார், மடித்த துணியைப் பிரித்து மடித்தார். அவர் மௌனமானார் என்று அந்த வாரத்தில்தான் முதன்முதலாகச் சொல்ல முடிந்தது. அதுவரை அவர் காது கேளாதவராக இருந்தார், மௌனமானவராக இருந்ததில்லை. முன்பு கூடத்தில் திரையின் முன்னே அவர் கைகள் மோதும் ஓசையும், தொடையில் தட்டும் ஓசையும், தொண்டைக்குள் உருளும் ஒரு சிரிப்பும் அடுக்களை வரை வரும். மருமகள் அவற்றைக் கேட்டபடியே காய் நறுக்குவாள். ஒரு சொல்லும் விளங்காது. இருந்தாலும் அது ஓர் உரையாடல். வீட்டுக்குள் பேச்சு நடக்கிறது என்ற தெம்பு அதில் இருந்தது. திருமணமாகி ஏறத்தாழ ஓராண்டாக அவளுக்கும் மாமியாருக்கும் இடையில் இருந்தவை ‘சாப்பாடு’, ‘தூக்கம்’, ‘மழை’, ‘அவன் எங்கே’ என்ற அளவிலான சைகைகளே. மற்றவை எல்லாம் கணவன் வழியாகச் சுருங்கி வந்தன. அவளுக்கு இப்போது அந்த ஓசைகள் நின்றது பொறுக்கவில்லை. இது அன்பா, தன்னலமா என்று பிரித்தறிய அவள் முயலவில்லை.

“வேற பிளேயர் வாங்கலாம்” என்றாள் ஒரு நாள்.

“வாங்கலாம். எது ஓடும்னு தெரிஞ்சா.”

“தெரிஞ்சுக்கறேன்.”

“நீயா? வீட்டு ரிமோட்ல சேனல் மாத்தத் தெரியாது உனக்கு.”

“உங்க அம்மா பேச்சு மாத்திரம் எனக்குத் தெரியுமா? எல்லாம் புதுசுதான்.”

அவள் முறைப்படி தொடங்கினாள். இணையத்தில் இதைப் பற்றி விவாதிப்போரின் குழுக்கள் இருந்தன. வெடிக்கும் காட்சியில் தீப்பொறி எப்படித் தெரிகிறது, ஒலி எத்தனை மூலைகளிலிருந்து வருகிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். விரல்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. ஆனால் ஒன்று தெளிந்தது. பெரியம்மாவின் புதிய கேமரா ஒரு வினாடிக்கு அறுபது படங்கள் எடுக்கிறது. அவற்றைப் புதிய முறையில் நெருக்கி அடைக்கிறது. ‘எச்டி’ என்று மேலே எழுதியிருக்கும் பெட்டிகள் பல, கோப்பைத் திறக்கும். ஆனால் அறுபதில் பாதியை வழியில் உதிர்த்துவிடும். திரைப்படம் பார்ப்பவருக்கு அது தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

அலுவலகம் விட்டபின் அவள் கடை கடையாக ஏறினாள். ஒவ்வொரு கடையிலும் ஒரே வாக்கியம் கிடைத்தது: “எல்லா ஃபார்மட்டும் சப்போர்ட் பண்ணும் மேடம்.” ‘எல்லா’ என்ற சொல்லைக் கண்டால் அடிக்கோடிடுவது அவள் வழக்கம். பென்டிரைவை நீட்டுவாள். தயக்கத்தோடு வாங்கிச் செருகுவார்கள்.

எந்தப் பகுதியைப் பார்ப்பது என்று அவள் முன்பே தேர்ந்து வைத்திருந்தாள். பெரியம்மா வலக்கை விரல்களை வயிற்றருகே முறுக்கி, இரு கைகளையும் மின்னல்போல் கீழே இறக்கி, பின் ஓட்டமாக விரல்களைப் பக்கவாட்டில் நகர்த்தி, நெற்றியைத் தொட்டு முடிக்கும் இடம் அது. முழுக் கோப்பிலும் கைகள் மிக விரைவாக அசைவது அங்கேதான். மெய்ப்புப் பார்ப்பவர் பொருளைப் படித்தால் பிழையைத் தவறவிடுவார்; எழுத்தைத்தான் படிக்க வேண்டும். அதே முறையில் அவள் அந்தப் பகுதியைப் பொருளறியாமல் அசைவு அசைவாகப் படித்து வைத்திருந்தாள். முறுக்கு, இறக்கம், ஓட்டம், நெற்றி. எந்தப் பெட்டியிலும் இறக்கத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையில் ஏதோ ஒன்று காணாமல் போயிற்று.

“தாவுது” என்பாள்.

“எங்க மேடம் தாவுது? ஜம்முனு ஓடுதே.”

எங்கே தாவுகிறது என்று காட்ட, வேறு வழியின்றி, அவளே அந்த அசைவுகளைச் செய்து காட்டுவாள். விற்பனையாளர்கள் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, வேறொரு பெட்டியை எடுப்பார்கள். சிலர் வேறொரு வாடிக்கையாளரைத் தேடிப் போவார்கள்.

சந்தின் கடைசியில் ஒரு கடை இருந்தது. அதன் உரிமையாளரை அக்கம்பக்கத்தார் ‘டெமோ அண்ணன்’ என்று அழைத்தார்கள். மின்விசிறி கேட்டு வந்தவருக்கும் அவர் அதைச் சுழலவிட்டு, கீழே தாள் துண்டுகளைப் போட்டுப் பறக்கவிட்டுக் காட்டாமல் அனுப்பமாட்டார். கடையின் ஒரு சுவர் முழுவதும் தொலைக்காட்சிகள்.

“தியேட்டரே தோத்துடும், பாருங்கம்மா” என்று பென்டிரைவைச் செருகி, ஒலியை உச்சத்துக்குத் திருகினார்.

பெரியம்மா சுவரில் தோன்றினார். அவரோடு அவர் அறையின் ஓசைகளும் கடைக்குள் பெருகின. நாற்காலி தரையில் உரசியது. உள்ளங்கைகள் மோதின. தொண்டையிலிருந்து, தாம் எழுப்புகிறோம் என்று அவரே அறியாத சிறு சிறு ஒலிகள் எழுந்தன. வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூட்டாத குளியலறைக் கதவை யாரோ திறந்துவிட்டதுபோல் மருமகளுக்கு முகம் சுட்டது. அவள் பாய்ந்து ஒலியைக் குறைத்தாள்.

“சவுண்டு இல்லாமயா பாப்பீங்க?”

“ஆமா.”

டெமோ அண்ணன் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். விளங்கியது. தம் வாழ்நாளில் ஒலியைக் குறைத்து எதையும் விற்றிராத அந்த மனிதர் அதை முழுவதுமாக நிறுத்திவிட்டு, திரைக்கு அருகே போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விரல்களைக் கவனிக்கத் தொடங்கினார்.

“அப்ப எனக்குத் தெரிஞ்ச வித்தை ஒண்ணும் உங்களுக்கு ஆகாது” என்றார். “சரி, எங்க தாவுதுங்கறீங்க?”

அவள் செய்து காட்டினாள். அவரும் செய்து பார்த்தார்.

“இப்படியா?”

“முறுக்கினப்புறம் இன்னும் வேகமா இறங்கணும்.”

“இப்படி?”

“ஆமா. இதுல அது வரல.”

“ஓடத்தான் செய்யுது.”

“ஓடுதுண்ணா. பேசல.”

அவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிகளை மாற்றினார். கடைசியில் இரண்டு மூன்று மிஞ்சின. அவளுக்கு அவற்றிடையே வேறுபாடு தெரியவில்லை. ஒரு சொல்லின் இரண்டு வடிவங்களும் சரியென்று தோன்றும் குழப்பம் அவளுக்கு வேலையில் எப்போதாவது வரும். அப்போது அகராதியை எடுப்பாள்.

“ஓடுதா இல்லையான்னு நான் சொல்லலாம்” என்றார் டெமோ அண்ணன். “பேசுதான்னு அவங்கதானே சொல்லணும்? ஒரு நடை கூட்டிட்டு வாங்க.”

மாமியார் எளிதில் இணங்கவில்லை. கண் சரியில்லாத நாளிலிருந்து கடைத்தெருப் பக்கம் அவர் போனதில்லை. மகன் பேசிப் பார்த்தான். கையை அசைத்து மறுத்தார். மருமகள் பேசவில்லை, செருப்பை எடுத்து வந்து அவர் காலடியில் வைத்துவிட்டு, வாசலில் போய் நின்றுகொண்டாள். மாமியார் அதை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டுக் காலை நுழைத்தார்.

கடையில் அவருக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது. கணவன் வேலைச் சீருடையோடு நேராக அங்கே வந்து சேர்ந்தான். முதற்பெட்டி இயங்கியது. மாமியார் சிறிது பார்த்தார். சுண்டுவிரலை மட்டும் உதறினார். மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. இரண்டாவதற்கும் அதே சுண்டுவிரல். டெமோ அண்ணன் மூன்றாவதை இணைக்கும்போது, “இங்க பாருங்கம்மா, இந்த இடம் சரியா வருதான்னு மட்டும் பாருங்க” என்று அவரை நோக்கி மனப்பாடமாக அந்த அசைவுகளைச் செய்து காட்டினார்: முறுக்கு, இறக்கம், ஓட்டம், நெற்றி. அவர் செய்தது முழுமையாக இல்லையென்று கண்ட மருமகள், பழக்கதோஷத்தால், பக்கத்தில் நின்று அதைத் திருத்தமாகச் செய்து காட்டினாள்.

மாமியாரின் வாய் திறந்தது. அவர் மகனைப் பார்த்தார். மகன் மனைவியைப் பார்த்தான்.

“இத எத்தனை கடையில செஞ்சு காட்டின?”

“போன எல்லாக் கடையிலயும். ஏன்?”

“ஒண்ணுமில்ல.”

“சுருக்காம சொல்லுங்க.”

அவன் தொண்டையைச் செருமினான். “பெரியம்மாவுக்கு ஏதோ மாத்திரை ஒத்துக்கல. வயித்தப் பெரட்டி, அப்படியே புட்டுக்கிட்டு, பாத்ரூமுக்கு ஓட்டமா ஓடி... போய்ச் சேர்றதுக்குள்ள, என் தலையெழுத்துன்னு.”



“நான் நேத்து ராத்திரி வீட்டுக்காரிகிட்டயும் செஞ்சு காட்டினேனே” என்றார் டெமோ அண்ணன்.

மாமியார் சிரிக்கத் தொடங்கினார். எழுந்து, அருகிலிருந்த குளிர்பதனப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, தோள்கள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரிப்புக்கு ஓசை உண்டு. அது பெரிது, வடிவமற்றது. எவ்வளவு தொலைவு கேட்கும் என்பதை அவர் அறியார். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மருமகள் இம்முறை எதையும் குறைப்பதற்காகக் கை நீட்டவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளும் சிரித்தாள்.

இதற்கிடையில் மூன்றாவது பெட்டி தானாக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமியார் திரும்பினார். திரையில் அக்கா மாத்திரைக் கதையை முடித்து வேறெதற்கோ போயிருந்தார். மாமியார் நின்றபடியே பார்த்தார். சாய்ந்து பார்க்கவில்லை, கண்ணைச் சுருக்கவில்லை. பிறகு யாரும் எதிர்பாராத விதமாக அவருடைய கைகள் எழுந்து திரைக்குப் பதில் சொல்லத் தொடங்கின. சுருக்கமாக ஒன்று, பிறகு நீளமாக ஒன்று, இடையே அக்காவை நிறுத்தச் சொல்லி உள்ளங்கையை நீட்டி, அக்கா நிற்காமல் போனதற்காக ஒரு வசவு. அது பதிவுதான் என்பது அவருக்குத் தெரியாததன்று. பேச்சு சரியாக வந்து சேர்ந்தால் பதில் தானாகப் புறப்பட்டுவிடுகிறது.

“பேக் பண்ணிடவா?” என்று டெமோ அண்ணன் தாழ்ந்த குரலில் கேட்டார். அவரே அட்டைப்பெட்டியைத் தேடிப் போனார்.

தேங்கிக் கிடந்த கோப்புகளையெல்லாம் மாமியார் அடுத்த நாட்களில் பார்த்துத் தீர்த்தார். கணவனின் மொழிபெயர்ப்பு அந்தக் கடைச் சம்பவத்துக்குப் பின் சற்று நீண்டது. அவன் இல்லாதபோது மருமகள் தானே ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தாள். மனப்பாடமான பகுதி ஒரு திறவுகோலாயிற்று. ‘ஓட்டம்’ வேறிடத்தில் வந்தபோது அவள் அதை அடையாளம் கண்டாள். அதற்கு முன்னும் பின்னும் இருந்தவை மெல்லப் பிடிபட்டன. பெரியம்மா ஒருவரைக் குறிக்கக் காதருகே சுருள்முடியைச் சுழற்றிக் காட்டுவதுண்டு. அது அவர் மகள். அவளுக்குத் திருமணமாகி நெடுங்காலம் ஆயிற்று. கருவுற்று இருமுறை தங்காமல் போனது. அந்தச் சுருள்முடி வரும் இடங்களில் அக்காவின் கைகள் விரைவாகக் கடந்துபோவதையும், தங்கையின் கைகள் எதையும் வினவாமல் இருப்பதையும் மருமகள் கவனித்தாள். கேட்கக்கூடாத கேள்விக்கு எல்லா மொழியிலும் ஒரே வடிவம்தான் போலும்.

இன்னொன்றையும் கவனித்தாள். இந்தக் கோப்புகளிலெல்லாம் பெரியம்மா ஒரே வெற்றுச் சுவரின் முன் அமர்ந்திருந்தார். பழைய பதிவுகளில் வீடு முழுவதும் தெரியும். யாராவது குறுக்கே நடப்பார்கள். இப்போது கதவு சாத்தியிருந்தது. புதிய கேமராவின் மதிப்புக் கருதி அப்படி வைத்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள்.

விடுமுறை நாள் ஒன்றின் பிற்பகலில் புதிய கோப்பு வந்து சேர்ந்தது. எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட, கணவன் அவசரமாகப் போயிருந்தான். போகுமுன் பென்டிரைவை மனைவியிடம் கொடுத்து, “நீயே போட்டுடு. மாத்திரை கதை வந்தா மட்டும் எங்கயும் செஞ்சு காட்டாத” என்றான். அவள் செருகினாள். ஒலியை நிறுத்தி வைக்க வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் ஒருபோதும் தோன்றியதில்லை. அதனால் அது பாட்டுக்கு ஒலித்தது. மாமியார் நாற்காலியில் அமர்ந்தார். அவள் சாப்பாட்டு மேசையில் ஏழாம் வகுப்பு அறிவியல் நூலின் தாள்களைப் பரப்பிக்கொண்டு, ஒரு கண்ணைத் தாளிலும் ஒரு கண்ணைத் திரையிலும் வைத்திருந்தாள்.

பெரியம்மா அன்று வழக்கத்துக்கு மாறாகச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே தொடங்கினார். உடல்நலம், மழை, அண்டைவீட்டு நாய். பிறகு திரும்பிப் பார்த்துக் கதவு சாத்தியிருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டார். முன்னால் குனிந்தார். கைகள் நெஞ்சருகே நெருங்கி, கமுக்கமாக அசைந்தன. ஒரு செய்தி, என்றார். இப்போது சொல்ல மாட்டேன். அடுத்த முறை. நீ ஊகி பார்க்கலாம். மருமகளுக்கு எல்லாமே புரிந்தது. அது புரிந்துவிட்டது என்பதே அவளுக்குச் சற்றுப் பிந்தித்தான் புரிந்தது.

மாமியார் ஊகிக்கத் தொடங்கினார். வீடு மாறுகிறாயா? ஊருக்கு வருகிறாயா? பெரியம்மா திரையில், எதையும் கேளாமலே, இல்லை என்பதுபோல் கள்ளச் சிரிப்போடு தலையசைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து ஓர் அழுகை எழுந்தது. மெலிந்த, வறண்ட, உடைந்து உடைந்து வரும் அழுகை. உலகத்துக்கு வந்து சில நாட்களே ஆன தொண்டையிலிருந்து மட்டும் வரக்கூடியது. அதை அமர்த்தும் பெண்குரல் ஒன்றும் கேட்டது. களைத்த, சிரிப்பு கலந்த, சுருள்முடிக்காரியின் குரலாகவே இருக்க வேண்டிய ஒரு குரல்.

பெரியம்மாவுக்கு எதுவும் தெரியவில்லை. மறைக்க வேண்டியவற்றையெல்லாம் அவர் திறம்பட மறைத்திருந்தார்: கேமராவைச் சுவருக்குத் திருப்பி, கதவைச் சாத்தி, ஒரு துணியோ புட்டியோ கண்ணில் படாமல், ஒருவேளை இதுவும் தங்காமற்போனால் தங்கை துன்பப்படக்கூடாதென்று இத்தனை மாதங்கள். தாம் பேசும் அறைக்கு ஓசை என்று ஒன்றிருப்பதும், அது கதவின் இடுக்கு வழியே வந்து கோப்புக்குள் ஏறிக்கொள்ளும் என்பதும் அவர் கணக்கில் வரவில்லை. அவருக்கும் தங்கைக்கும் இடையே அப்படியொரு கணக்குக்குத் தேவை இருந்ததே இல்லை.

மருமகள் தலையை நிமிர்த்தினாள்.

அதை மாமியார் பார்த்துவிட்டார். கண் மங்கினாலும், கேட்பவர்களின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தே வாழ்ந்தவர் அவர். வாசல் மணி, பொங்கும் பால், பின்னால் வரும் வண்டி எல்லாமே அவருக்குப் பிறர் தலையில்தான் தெரியும். வாசலைக் காட்டி, யாராவது வந்திருக்கிறார்களா என்றார். மருமகள் இல்லையென்று தலையசைத்தாள். மாமியார் அவள் பார்வையின் வழியைத் தொடர்ந்தார். அது திரையில் போய் முடிந்தது.

அங்கேயா?

அவள் பொய் சொல்லப் பழகியவள் அல்லள். ஆம் என்றாள்.

என்ன கேட்டது?

அவளுக்கு அந்தச் சொல் தெரியும். அதைக் கற்க வேண்டியதே இல்லை. எந்தக் கைக்கும் தெரிந்த சொல். ஆனால் செய்தி பெரியம்மாவினுடையது. நூலாசிரியர் இன்னும் வெளியிடாததை மெய்ப்பாளர் வெளியிடலாகாது என்பதில் அவளுக்கு இதுவரை இரண்டாம் எண்ணம் இருந்ததில்லை. மறுபக்கம், இந்த வீட்டில் இதுவரை யாரும், இடையில் மகனை நிறுத்தாமல், அவளிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு அவள் கைகளிலிருந்து விடை வருமென்று காத்திருந்ததும் இல்லை. அக்காவின் பேச்சில் தமக்கு எட்டாத ஒரு பகுதி உண்டென்றும், அது இந்தப் பெண்ணிடம் வந்து சேர்ந்திருக்கிறதென்றும் மாமியார் இப்போது முழுதாக உணர்ந்துவிட்டார். அவர் முகத்தில் அச்சம் இல்லை. மருமகளின் முகத்தை நன்றாகப் படித்திருந்தார், அது துயரச்செய்தியின் முகம் அன்று. அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அவர் எழுந்தார். நாற்காலியை இரு கைகளாலும் தூக்கித் திருப்பி, மேசைக்கு எதிரே, சன்னல் வெளிச்சம் மருமகளின் கைகளில் விழும்படியான இடத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். கண்ணாடியைச் சரிசெய்தார். மருமகள் தாள்களை ஒதுக்கினாள். கைகளை மேசைக்கு மேலே எடுத்தாள்; எடுத்த பிறகும் அவற்றை என்ன செய்வதென்று இன்னும் தீர்மானிக்கவில்லை. ஒரு முழங்கை மடங்கியது. மற்றது அதன் அருகே வந்து, தொடாமல் நின்றது. மாமியார் இமைக்காமல் பார்த்திருந்தார்.

கதவுக்குப் பின்னால் அழுகை ஓய்ந்து, மறுபடியும் தொடங்கியது. திரையில் பெரியம்மா, ஒரு விரலும் கலையாமல், தங்கையின் முதுகிடம் பேசிக்கொண்டே இருந்தார்.